பெரியது எது? அளவைத் தீர்மானிப்பது அளக்கிறவரா, அளக்கப்படும் பொருளா?

#1 தராசுமுள்

பள்ளி மாணவர்களுக்கான வினாடி வினாவுக்குக் கேள்விகள் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ‘உலகிலேயே மிகப் பெரிய உயிரினம் எது?’ என்ற கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. குழுவில் ஆளுக்கொரு விடை. எல்லோர் கையிலும் ஆதாரம் இருக்கிறது.

நீலத் திமிங்கலக் கட்சி சொல்வது: 30 மீட்டர் வரை நீளம், 150 டன்னைத் தாண்டும் எடை. மரக் கட்சி கலிஃபோர்னியாவின் ஜெனரல் ஷெர்மன் என்ற செக்வோயா மரத்தைக் காட்டுகிறது. அதன் அடிமரத்தின் கன அளவு சுமார் 1,487 கன மீட்டர். (உயரம் என்றால் அதே மாநிலத்தில் 116 மீட்டருக்கு நிற்கும் ஹைபீரியன் ஜெயிக்கும், ஆனால் ஆள் ஒல்லி.) பூஞ்சைக் கட்சி, ஓரிகன் காட்டில் மண்ணுக்கடியில் 9.6 சதுர கி.மீ. பரவியிருக்கும் ஒற்றை ஆர்மில்லேரியாவை விட மாட்டேன் என்கிறது. யூட்டாவில் பாண்டோ என்று ஒன்று. பார்த்தால் 43 ஹெக்டேர் காடு, மரபணுப்படி ஒரே ஆஸ்பென் மரம், எடை சுமார் 6,000 டன் என்று மதிப்பு. போதாதென்று 2022-ல் ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் கடற்புல் ஒன்று 180 கி.மீ. தூரத்துக்கு ஒரே செடியின் நகல்களாகப் படர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

கேள்வியைத் தூக்கிவிடலாம், அது பிரச்சினை இல்லை. என் சந்தேகம் வேறு. எல்லாத் துறைக்கும் பொதுவாக ‘அளவு’ என்று ஒன்று இருக்கிறதா? இல்லை, ஒவ்வொரு துறையும் தனக்கு வசதியான ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டதா? உங்கள் உங்கள் வேலையில் எதை, எப்படி அளக்கிறீர்கள் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 கணக்குப்பிள்ளை

பொதுவாக ஒன்று இருக்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மெலிதாக இருக்கும்.

அளவு என்று எதைச் சொன்னாலும் கணிதம் அதனிடம் மூன்றே நிபந்தனை போடுகிறது. ஒன்றுமில்லாததற்கு அளவு பூஜ்யம். பகுதி முழுதைவிடப் பெரிதாகக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று படாத துண்டுகளைச் சேர்த்தால் அவற்றின் அளவுகளும் கூடி வரவேண்டும். எண்ணிக்கை, நீளம், பரப்பு, கன அளவு, நிறை, நிகழ்தகவு எல்லாம் இதற்குக் கட்டுப்படும். லெபேக் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1902-ல் இதைக் கறாராக வகுத்தார்.

இந்த மூன்றுக்கும் கட்டுப்படும் இரண்டு அளவுகள் ஒரே பொருளைப் பற்றி நேர்மாறாகச் சொல்லலாம் என்பதுதான் சுவாரசியம். ஒரு அலகு நீளமுள்ள கோட்டின் நடு மூன்றிலொரு பங்கை எடுத்துவிடுங்கள். மிஞ்சிய இரண்டு துண்டிலும் அதேபோல நடுப்பங்கை எடுங்கள். முடிவில்லாமல் இதையே செய்யுங்கள். எடுத்ததன் மொத்த நீளம் சரியாக 1, ஆகவே மிச்சத்தின் நீளம் பூஜ்யம். ஆனால் மிச்சமிருக்கும் புள்ளிகளை முழுக்கோட்டின் புள்ளிகளோடு ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்துவிட முடியும். நீளத்தைக் கேட்டால் ‘ஒன்றுமே இல்லை’, எண்ணிக்கையைக் கேட்டால் ‘எதுவுமே குறையவில்லை’. கான்டர் கணம் என்று பெயர்.

இந்த விவகாரத்தைத் தொடங்கி வைத்தவர் கலிலியோ. 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்கள் எல்லா எண்களிலும் ஒரு பகுதிதான், ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வர்க்கம் உண்டே, அப்போது எது அதிகம் என்று 1638-ல் கேட்டார். முடிவிலிகளில் ‘அதிகம், குறைவு’ என்ற பேச்சே பொருந்தாது என்று முடித்துக்கொண்டார். இரண்டரை நூற்றாண்டு கழித்து கான்டர் பொருந்தும் என்று காட்டினார், ஆனால் ஒரு விலை கொடுக்கவேண்டி இருந்தது: அந்தக் கணக்கில் பகுதியும் முழுதும் சமமாகலாம்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் அளவு இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. நீளமே சொல்ல முடியாத புள்ளிக் கூட்டத்தை விட்டாலி 1905-ல் அமைத்தார். 1924-ல் பனாக்கும் தார்ஸ்கியும் அதே வழியில் இன்னும் தூரம் போய், ஒரு கோளத்தைச் சில துண்டுகளாக்கி, நகர்த்தித் திருப்பி மட்டுமே முன்பிருந்த அதே அளவில் இரண்டு கோளங்களாக அடுக்கலாம் என்று நிரூபித்தார்கள். அந்தத் துண்டுகளுக்குக் கன அளவு என்பதே கிடையாது, அதனால் மூன்றாம் நிபந்தனை அங்கே நுழைய முடியாது.

#3 குறுக்குசால்

பிள்ளை சார், ஒரு கோளத்தை இரண்டாக்கும் வித்தையை என் சம்பளத்தில் ஒருமுறை செய்து காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கடைப்பக்கம் வந்தால் அளவு என்பது சுத்தப் பித்தலாட்டம். பிரிட்டிஷ் ஷூ அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மூன்றில் ஒரு அங்குலம், அது வாற்கோதுமை மணியின் நீளமாம். ஐரோப்பிய அளவில் ஒரு எண் என்றால் மூன்றில் இரண்டு செ.மீ. காலின் நீளத்தை மில்லிமீட்டரில் சொல்லிவிட்டுப் போகும் முறையும் இருக்கிறது, யார் சீந்துகிறார்கள்? அமெரிக்க மின்கம்பி கேஜில் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்: 36 என்றால் 0.127 மி.மீ., நான்கு பூஜ்யம் என்றால் 11.7 மி.மீ. கேமராவில் ‘ஒரு இஞ்ச் சென்சார்’ என்று விற்பதன் மூலைவிட்டம் 16 மி.மீ.கூட இல்லை. பழைய டிவி கேமராவின் கண்ணாடிக் குழாய்க்கு வெளிவிட்டம் ஒரு இஞ்ச் இருந்ததாம், குழாய் போய் எத்தனையோ காலம் ஆகியும் அந்த இஞ்ச் மட்டும் போகவில்லை.

#4 நங்கூரம்

கப்பலில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் என்ற உரிமையில் வருகிறேன். “உங்கள் கப்பல் எத்தனை டன்?” என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன், “எந்த டன்?”

கப்பல் ஒதுக்கித் தள்ளும் தண்ணீரின் எடை ஒன்று. கப்பலும் அதில் இருப்பதும் சேர்ந்த மொத்த எடை அதுதான், போர்க்கப்பலுக்கு இதைத்தான் சொல்வார்கள். சரக்கு, எரிபொருள், குடிநீர், ஆட்கள், தட்டுமுட்டு எல்லாம் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்பது டெட்வெயிட். எண்ணெய்க் கப்பலுக்கும் நிலக்கரிக் கப்பலுக்கும் அதுதான் பேச்சு. இந்த இரண்டும் எடை. மூன்றாவதாக வரும் கிராஸ் டன்னேஜில் டன் என்று பெயர் இருக்கிறதே தவிர, எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூடிய இடங்களின் மொத்தக் கன அளவிலிருந்து வருவது அது. அந்தக் காலத்தில் கப்பலில் எத்தனை பீப்பாய் ஒயின் கொள்ளும் என்று எண்ணிய வழக்கத்தின் எச்சம்.

இப்போது 1969-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி (அமலுக்கு வந்தது 1982-ல்) கன மீட்டரில் கிடைக்கும் கன அளவை ஒரு கெழுவால் பெருக்குகிறோம். அந்தக் கெழுவோ கன அளவின் லாகரிதத்தைப் பொறுத்து மாறும். 10,000 கன மீட்டர் கப்பலுக்கு 0.28, ஆகவே 2,800. ஒரு லட்சம் கன மீட்டருக்கு 0.30, ஆகவே 30,000. பத்து மடங்கு பெரிய கப்பலுக்குப் பத்து மடங்குக்குக் கொஞ்சம் மேலே. இதற்கு அலகு கிடையாது, வெறும் எண். ஆனால் துறைமுகக் கட்டணம், கப்பலில் எத்தனை பேர் என்னென்ன தகுதியோடு இருக்கவேண்டும், எந்தப் பாதுகாப்பு விதி பொருந்தும் என்பதில் பெரும்பகுதி இந்த எண்ணைத்தான் பார்க்கும்.

இந்த விவாதத்துக்கு இன்னொரு விஷயம் முக்கியம் என்று நினைக்கிறேன். பழைய பிரிட்டிஷ் விதியில் நீளத்தையும் அகலத்தையும் மட்டும்தான் அளப்பார்கள். ஆழம் அகலத்தில் பாதி என்று தாங்களாகவே வைத்துக்கொள்வார்கள். கப்பல் கட்டுகிறவன் சும்மா இருப்பானா? அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினான். வரி குறைந்தது, கடலில் ஆட்டம் கூடியது. 1854-ல் உள்ளே போய்க் கன அளவை அளக்கும் முறை வந்தது. அதிலும் ‘நிரந்தரமாக மூடாத’ தளத்துக்கு விலக்கு இருந்ததால், மேல்தளத்தில் பெயருக்கு ஒரு திறப்பு வைத்து, அந்தத் தளம் முழுவதும் கணக்கில் வராமல் செய்தார்கள். அளவுகோல் கப்பலை அளந்ததோடு நிற்கவில்லை, கப்பலின் உருவத்தையே மாற்றியது.

#5 தராசுமுள்

நங்கூரம் ஐயா, அருமை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கட்டணம் வசூலிக்கிறவருக்கு ஒரு அளவு, சரக்கு ஏற்றுகிறவருக்கு ஒரு அளவு. அளவு கேட்கிறவரின் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு சாட்சியும் என்னிடம் இருக்கிறது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற வானிலை அறிஞர், நாடுகளுக்கிடையே போர் மூள்வதற்கும் பொது எல்லையின் நீளத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கப் போனார். தேடிய நீளமே நூலுக்கு நூல் மாறியது. ஸ்பெயின்–போர்ச்சுகல் எல்லை ஒரு இடத்தில் 987 கி.மீ., இன்னொரு இடத்தில் 1,214 கி.மீ. யாரும் தப்பாக அளக்கவில்லை, அளவுகோலின் நீளம்தான் வேறு. கோல் சிறியதாக ஆக, ஒவ்வொரு வளைவும் நெளிவும் கணக்கில் வந்து சேர்ந்துகொண்டே போகும். மாண்டல்பிராட் 1967-ல் இதை எடுத்துக்கொண்டு பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று கேட்டார். மேற்குக் கரைக்கு நீளத்தைச் சொல்வதைவிட 1.25 என்ற பரிமாணத்தை (நேர்கோட்டுக்கு 1, பரப்புக்கு 2; இடைப்பட்ட எண் கரை எவ்வளவு நெளிகிறது என்பதைக் காட்டும்) சொல்வதில்தான் பொருள் இருக்கிறது என்று அவர் கை காட்டினார்.

கடற்கரைக்கு நீளமே இல்லை என்றால் வேறு எதற்கு இருக்கப்போகிறது?

#6 கணக்குப்பிள்ளை

> கடற்கரைக்கு நீளமே இல்லை என்றால்

மேசைக்கு இருக்கிறது. கோலைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் மேசை விளிம்பின் நீளம், மில்லிமீட்டர் வரைக்குமாவது, ஒரே எண்ணில் நின்றுவிடும், கடற்கரை நிற்காது. அந்த வித்தியாசம் கோலைப் பிடித்திருப்பவரின் இஷ்டத்தால் வந்ததில்லை. 1.25 என்ற எண்ணும் யாரும் வைத்த பெயரில்லை, அந்தக் கரையிடம்தான் இருக்கிறது.

#7 சல்லடை

என் வேலை துகள்களின் அளவை அளப்பது. மருந்துத் தூள், சிமென்ட், பெயின்ட் நிறமி, காற்றுத் தூசு எல்லாம் வரும். மேலே ஓடும் சண்டை எங்கள் ஆய்வகத்தில் தினசரி நடப்பது.

கோளமாக இருந்தால் விட்டம் ஒன்றைச் சொன்னால் போதும். ஆனால் எந்தத் துகளும் கோளமாக வருவதில்லை. அதனால் நாங்கள் ஒரு தந்திரம் செய்கிறோம்: ‘இந்தத் துகளைப் போலவே நடந்துகொள்ளும் கோளம் எவ்வளவு பெரியது?’ என்று கேட்கிறோம். எதில் அதைப் போல என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சல்லடையில் அடித்தால், கண்ணில் நுழைவதைப் பொறுத்த அளவு. ஊசி மாதிரித் துகள் நெட்டுக்குத்தாக நின்று நழுவிவிடும், அதன் நீளம் சல்லடைக்குத் தெரியவே தெரியாது. திரவத்தில் விட்டால், விழும் வேகத்தைப் பொறுத்த அளவு. லேசரில் வைத்தால், ஒளியைச் சிதறடிப்பதைப் பொறுத்த அளவு. ஒரே மாதிரியை மூன்று கருவியில் போட்டால் மூன்று எண் வரும். கருவி கெட்டுப்போனதாக வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

காற்று மாசில் பேசும் பி.எம். 2.5 என்ற நுண்தூசு அளவும் இந்த வகைதான். 2.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது நுண்ணோக்கியில் பார்த்து அளந்த விட்டம் கிடையாது. அது காற்றியக்க விட்டம்: ஒரு கன செ.மீ.க்கு ஒரு கிராம் அடர்த்தியுள்ள கோளம் எந்த விட்டத்தில் இருந்தால் இந்தத் துகளின் வேகத்திலேயே காற்றில் இறங்கும் என்ற கணக்கு. அடர்த்தி 4 உள்ள கோளத் துகள் நிஜத்தில் 1 மைக்ரானே இருந்தாலும், இந்தக் கணக்கில் ஏறக்குறைய 2. அதோடு 2.5 என்பது வெட்டுக்கத்தி எல்லையும் இல்லை. அந்த அளவுள்ள துகள்களில் பாதியைக் கருவி உள்ளே விடும், பாதியைத் தடுத்துவிடும்.

சராசரி என்று ஒன்று கேட்பார்கள், அது இதைவிட மோசம். 10 மைக்ரான் கோளங்கள் 1,000, கூடவே 100 மைக்ரான் கோளம் 1. எண்ணிக்கைப்படி சராசரி 10-க்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அந்த ஒரே பெரியவரின் கன அளவு மற்ற ஆயிரத்தின் கன அளவுக்குச் சமம், ஆகவே கன அளவுப்படி சராசரி 55. தூளில் 55 மைக்ரானில் ஒரு துகள்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள்.

தராசுமுள் சார் இதையும் தன் சாட்சியாக எழுதிக்கொள்வார் என்று தெரிகிறது. நான் அவர் கட்சி இல்லை. பி.எம். 2.5 கணக்கை நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. மூச்சோடு போகும் துகள் குழாய் வளைவில் மோதி ஒட்டிக்கொள்கிறதா, காற்றோடு திரும்பி உள்ளே போகிறதா என்பதை நுரையீரலின் பாதை தீர்மானிக்கிறது. அந்தத் தீர்ப்பில் காற்றியக்க விட்டம்தான் பெரும்பாலும் செல்லுபடியாகும். நாங்கள் நுரையீரல் கேட்ட அளவைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

#8 வெண்குறுமீன்

வானியலில் ‘விளிம்பு எங்கே?’ என்பதே முதல் தலைவலி. சூரியனுக்குத் தரை கிடையாது. வாயு மெல்ல மெல்ல அடர்த்தி குறைந்துகொண்டே போகும், ஒளி சுலபமாகத் தப்பி வெளியேறத் தொடங்கும் அடுக்கை விளிம்பு என்று வைத்துக்கொள்கிறோம். ஆளாளுக்கு ஒரு எண் பயன்படுத்திக் குழம்ப வேண்டாம் என்று சர்வதேச வானியல் ஒன்றியம் 2015-ல் ‘பெயரளவு சூரிய ஆரம்’ 6,95,700 கி.மீ. என்று அறிவித்துவிட்டது. வியாழனுக்கு அழுத்தம் ஒரு பார் இருக்கும் மட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பெருத்து உப்பிய சிவப்பு விண்மீன்களில் எந்த நிறத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துக்கூட ஆரம் மாறும். ‘மிகப் பெரிய விண்மீன்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

எடை கூடினால் உருவம் கூடும் என்பதும் எல்லா இடத்திலும் நிற்காது. பழுப்புக் குறுமீன்கள் (விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை சேராத வாயு உருண்டைகள்) வியாழனைப் போல 13 முதல் 80 மடங்கு வரை நிறை உள்ளவை, ஆரம் கிட்டத்தட்ட வியாழன்தான். என் பெயரில் இருக்கும் வெண்குறுமீன் (எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம்) இன்னும் விசித்திரம்: நிறை கூடக்கூடச் சுருங்கும். சந்திரசேகர் கண்ட எல்லையான 1.4 சூரிய நிறையை நெருங்கும்போது நிலைத்து நிற்க முடியாமல் போய்விடும். சிரியஸ் பி என்ற வெண்குறுமீனின் நிறை ஒரு சூரியன் அளவு, உருவம் பூமி அளவு. இதில் பெரியது எது, சின்னது எது?

சின்னப் பக்கமும் இதே கதைதான். புரோட்டானின் ஆரம் என்றால் மின்னூட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதிலிருந்து கணக்கிடும் ஒரு சராசரி. 2010-ல் எலக்ட்ரானுக்குப் பதில் அதன் கனமான உறவுத் துகளான மியூவானை வைத்து அளந்தபோது, அதுவரை சொல்லிவந்த 0.88 ஃபெம்டோமீட்டருக்கு (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) பதில் 0.84 வந்தது. வரையறை ஒன்றுதான், அளந்த வழி வேறு. அதனால்தான் அத்தனை பேரும் பதறினார்கள். ‘அது உங்கள் அளவு, இது எங்கள் அளவு’ என்று சொல்லித் தப்பிக்க அங்கே இடமில்லை. பிறகு வந்த முடிவுகள் பெரும்பாலும் 0.84 பக்கம் சாய்ந்தன.

#9 குறுக்குசால்

தராசுமுள் அண்ணே, வினாடி வினாவில் ‘அளவு’ என்ற தலைப்பையே எடுத்துவிடுங்கள். குழந்தைகள் பாவம்.

#10 நிழற்படம்

நான் ஸ்கேன் படங்களைப் படிக்கும் மருத்துவர். எங்களுக்கு இது வெறும் தத்துவமாக இருந்தால் தேவலை.

புற்றுக்கட்டி சிகிச்சைக்குச் சுருங்குகிறதா என்பதைச் சொல்ல உலகம் முழுவதும் பயன்படும் விதி ஒன்று இருக்கிறது, ரெசிஸ்ட் என்று பெயர். 2000-ல் வந்தது, 2009-ல் திருத்தினார்கள். தேர்ந்தெடுத்த கட்டிகளின் மிக நீண்ட விட்டத்தை மட்டும் எடுத்துக் கூட்டுவோம். தொடக்கத்தில் இருந்த கூட்டுத்தொகையில் 30 சதவீதமாவது குறைந்தால் ‘பகுதிப் பலன்’. இடையில் கண்ட மிகக் குறைந்த தொகையிலிருந்து 20 சதவீதமாவது கூடினால் (குறைந்தது 5 மி.மீ.யாவது கூடியிருக்கவேண்டும்) ‘நோய் முற்றுகிறது’.

கட்டி கோளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். விட்டம் 30 சதவீதம் குறைந்தால் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. விட்டம் 20 சதவீதம் கூடினால் கன அளவு 73 சதவீதம் கூடிவிட்டது. நோயாளியின் குடும்பத்தார் அறிக்கையில் ‘20’ என்று பார்த்துவிட்டு, கொஞ்சம்தான் வளர்ந்திருக்கிறது என்று ஆறுதல் அடைவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் கன அளவையே அளக்கக் கூடாது? அளக்கலாம், கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஓரம் தெளிவில்லாத கட்டியை இரண்டு மருத்துவர்கள் வரைந்தால் இரண்டு கன அளவு வரும். ஒற்றைக் கோட்டில் அந்தப் பேதம் குறைவு. அதற்கு முன்னால் இருந்த உலக சுகாதார நிறுவன முறையில் இரண்டு விட்டங்களைப் பெருக்குவார்கள். அதையும் விட்டுவிட்டு ஒரு விட்டத்துக்கு இறங்கியதற்கு, யார் எங்கே அளந்தாலும் ஒத்துப்போகும் எளிமை ஒரு முக்கியக் காரணம். நிணநீர்க் கணுவுக்கு மட்டும் நீண்ட விட்டத்தை விட்டுவிட்டுக் குறுகியதை எடுப்போம். இயல்பான கணுவே அவரை விதை போல நீளமாக இருக்கும். நோய் வந்தால் அது பருத்து உருண்டையாகிறது, அதைக் குறுகிய விட்டம்தான் காட்டிக்கொடுக்கும்.

சில சமயம் அளவே கைவிட்டுவிடும். இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒரு வகைக் கட்டிக்கு இமாட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்தால், உள்ளே செல்கள் செத்துப்போயிருக்கும், கட்டியோ சுருங்காமல் அப்படியே நிற்கும். ரெசிஸ்ட் படி ‘மாற்றமில்லை’. அதனால் 2007-ல் சோய் என்ற விதி வந்தது: அளவு 10 சதவீதம் குறைந்தாலோ, ஸ்கேனில் தெரியும் அடர்த்தி 15 சதவீதம் குறைந்தாலோ பலன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தராசுமுள், ‘கேட்கிறவர் கையில்’ என்பதை நான் ஏற்க மாட்டேன். கட்டி என் விருப்பத்தைக் கேட்டு வளர்வதில்லை. ஆனால் ‘பொருளிடமே இருக்கிறது’ என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் அறிக்கையில் எழுதும் எண், இன்னொரு மருத்துவரும் அதே எண்ணை எழுதுவார் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எண்.

#11 பிட்டுபைட்டு

கணினிப் பக்கத்திலிருந்து சுருக்கமாக. ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கினால் கணினி 931 ஜிகாபைட் என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. விற்பவர் ஆயிரத்தில் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ல் வகுக்கிறது. 1998-லேயே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தாயிற்று (கிலோபைட், கிபிபைட்), பயனில்லை. ஒரே எழுத்து உள்ள ஃபைலும் டிஸ்க்கில் பொதுவாக 4,096 பைட் இடம் பிடிக்கும்.

இதைவிட ஆழமானது ரஷ்யக் கணித அறிஞர் கொல்மொகொரோவ் சொன்ன அளவு: ஒரு தகவலை உருவாக்கித் தரும் மிகச் சிறிய நிரலின் நீளமே அந்தத் தகவலின் அளவு. பை (π) என்ற எண்ணின் முதல் கோடி இலக்கங்களுக்குச் சில வரி போதும். தாறுமாறான கோடி இலக்கங்களுக்குக் கிட்டத்தட்ட அத்தனையையும் எழுதவேண்டும். எந்த நிரல்மொழி என்பதால் வரும் வித்தியாசம் ஒரு மாறிலிக்குள் அடங்கிவிடும், ஆகவே இது ஆளைப் பொறுத்ததும் இல்லை. ஒரே குறை, இந்த அளவைப் பொதுவாகக் கணக்கிட எந்த நிரலாலும் முடியாது என்பதற்கு நிரூபணம் இருக்கிறது. பொருளிடமே இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது.

#12 கரையான்புற்று

உயிரியல்காரி. முதல் பதிவில் என் துறையை இழுத்ததால் வருகிறேன்.

பிள்ளை சார் சொன்ன அதே கலிலியோ, 1638-ல் வந்த அதே நூலில், எலும்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உருவத்தை எல்லாப் பக்கமும் 10 மடங்காக்கினால் எடை 1,000 மடங்கு, எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 100 மடங்குதான். ஒவ்வொரு சதுர செ.மீ. எலும்பும் 10 மடங்கு சுமை தாங்கவேண்டும். அதனால்தான் யானையின் கால் மானின் காலைப் பெரிதாக்கியது போல இல்லாமல் தூணாக இருக்கிறது. எடைக்கு ஒரு அளவு, தாங்கும் வலிமைக்கு ஒரு அளவு என்று இயற்கையே பிரித்து வைத்திருக்கிறது. எந்தத் துறைமுக அதிகாரியும் அங்கே போய் விதி போடவில்லை.

1932-ல் கிளைபர் இன்னொன்றைக் கவனித்தார். ஓய்வில் இருக்கும் விலங்கின் ஆற்றல் செலவு, நிறையின் முக்கால் அடுக்கைப் பின்பற்றுகிறது. 10,000 மடங்கு கனமான விலங்குக்கு 1,000 மடங்கு ஆற்றல்தான் வேண்டும். ஏன் முக்கால், அது எல்லாக் குழுவுக்கும் பொருந்துமா என்று இன்றும் அடிதடி நடக்கிறது. ஆனால் சுண்டெலிக்கும் பசுவுக்கும் ஒரே கோடு ஏறக்குறையப் பொருந்துகிறதென்றால், அளவு வெறும் பெயர்ப்பலகையாக இருக்க வழியில்லை.

தப்பான அளவை எடுத்தால் இயற்கை உடனே காட்டிக்கொடுத்துவிடும். மரபணுத் தொகுதி பெரியதாக இருந்தால் உயிரினமும் சிக்கலானதாக இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். மனிதருக்கு சுமார் 310 கோடி டி.என்.ஏ. எழுத்து இணைகள். நியூ கலிடோனியாவின் ஒரு சின்னஞ்சிறு பெரணிக்கு 16,000 கோடி, 2024-ல் அறிவித்தார்கள். மூளையும் அப்படித்தான்: மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள், ஆப்பிரிக்க யானையில் 25,700 கோடி. ஆனால் யானையின் செல்களில் பெரும்பங்கு சிறுமூளையில் இருக்கிறது. பெருமூளைப் புறணியில் மட்டும் எண்ணினால் நமக்கு 1,600 கோடி, யானைக்கு 560 கோடி.

நான் சொல்ல வருவது, அளவைத் தேர்ந்தெடுப்பது கேட்கிறவர் இல்லை, நிகழ்வு. எலும்பு உடைவதற்குக் குறுக்குவெட்டு, உடல் சூடு இழப்பதற்கு மேற்பரப்பு. சல்லடை சொன்ன நுரையீரலும் இதுதான்.

அந்த வினாடி வினாவில் திமிங்கலமா பாண்டோவா என்ற சண்டை அளவைப் பற்றியதே இல்லை என்பது என் கருத்து. எது ‘ஒரு’ உயிரினம் என்பதுதான் அங்கே தகராறு. வேர் வழியே பரவிய நகல்களை ஒன்றாக எண்ணுகிறோமா, பலவாக எண்ணுகிறோமா என்று முடிவு செய்யாமல் எந்தத் தராசைக் கொண்டுவந்தும் பயனில்லை.

#13 நங்கூரம்

அம்மா சொல்வது சரியாகத்தான் படுகிறது. கப்பலிலும் சரிந்து கவிழுமா என்று பார்க்கும்போது கிராஸ் டன்னேஜை யாரும் தொட மாட்டோம். எடை எங்கே இருக்கிறது, மிதவை மையம் எங்கே என்பதுதான் பேச்சு. கடல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

#14 தராசுமுள்

கரையான்புற்று, நிகழ்வு தேர்ந்தெடுக்கிறது என்பது என்னை நிறையவே அசைத்துவிட்டது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. ஒரே நிகழ்வு இரண்டு அளவைக் கேட்டால்? நுரையீரல் கேட்பது காற்றியக்க விட்டம் என்றார் சல்லடை. அவரே ஊசி மாதிரித் துகளின் நீளம் சல்லடைக்குத் தெரியாது என்றும் சொன்னார். நுரையீரலுக்காவது அந்த நீளம் தெரியுமா?

#15 சல்லடை

தெரியும், ஆனால் தாமதமாக. கேள்வி நேராக ஆஸ்பெஸ்டாஸுக்குப் போகிறது.

மெல்லிய இழை காற்றில் ஓட்டத்தின் போக்கிலேயே நீளவாக்கில் திரும்பிக்கொள்ளும். அதனால் அதன் காற்றியக்க விட்டத்தைப் பெரும்பாலும் தடிமன்தான் தீர்மானிக்கிறது. தோராயமாகத் தடிமனைப் போல மூன்று மடங்கு. நீளம் அதில் கொஞ்சமாகத்தான் வரும். அரை மைக்ரான் தடிமன், 30 மைக்ரான் நீளம் உள்ள இழை, ஒன்றரை மைக்ரான் கோளத்தைப் போலவே மிதந்து, பி.எம். 2.5 கருவியையும் தாண்டும், நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரைக்கும் போகும்.

அங்கே கதை மாறுகிறது. சிற்றறைகளைச் சுத்தம் செய்யும் விழுங்கு செல்களின் குறுக்களவே ஏறக்குறைய 10 முதல் 20 மைக்ரான்தான். குட்டையான துகளை விழுங்கி எடுத்துப்போய்விடும். 30 மைக்ரான் இழையை முழுதாக விழுங்க முடியாது. பாதி உள்ளே பாதி வெளியே என்று சிக்கி, செல் அழற்சிப் பொருள்களைக் கக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே நுழைந்தது தடிமனால், வெளியே எடுக்க முடியாமல் போனது நீளத்தால். அதற்கு மேல், கரையாமல் எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் ஆஸ்பெஸ்டாஸ் வேலை நடக்கும் இடத்தில் நாங்கள் தூசின் எடையைப் பார்ப்பதில்லை, பி.எம். எண்ணையும் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட அளவு காற்றை வடிதாள் வழியே இழுத்து, அந்தத் தாளை நுண்ணோக்கியில் வைத்து, 5 மைக்ரானைவிட நீளமாக, 3 மைக்ரானைவிட மெல்லியதாக, நீளம் தடிமனைப் போல மூன்று மடங்குக்கு மேலாக இருக்கும் இழைகளை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணுவோம். ஒரு கன செ.மீ. காற்றுக்கு எத்தனை இழை என்பதுதான் அறிக்கையில் போகும்.